மடிப்புக்குள் ஒன்பது மதிப்பெண்

லோசலினே டீச்சரின் வகுப்பில் விடையை மட்டும் எழுதிய பிள்ளைக்கு ஒரு மதிப்பெண். வழியை வரிவரியாக எழுதிக் கடைசி விடையில் சறுக்கிய பிள்ளைக்கு மூன்று. வவாவு தீவின் அந்தத் திருச்சபைப் பள்ளியில் இருபத்தேழு ஆண்டுகளாக இந்த முறை மாறவில்லை. இதற்கிடையில் தலைமையாசிரியர்கள் ஆறு பேர் வந்து போனார்கள். பாடநூல் மூன்று முறை மாறியது. வெளிநாட்டு வினாத்தாள் போய்ச் சொந்த நாட்டு வினாத்தாள் வந்தது. லோசலினே மட்டும் மரியாதைக்காகத் தீவினர் அணியும் பின்னல் பாயை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையில் பிஸ்கட் டப்பா நிறையச் சுண்ணக்கட்டியோடு, மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பாகவே வகுப்பு வாசலில் வந்து நிற்பாள்.

அவள் மணம் செய்துகொள்ளவில்லை. ஐம்பத்திரண்டு வயது. ஆறாம் படிவத்துக்கு, அதாவது பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு, அந்தப் பள்ளியில் கணக்குச் சொல்லித்தர அவள் ஒருத்திதான்.

தீவுப் பிள்ளைகள் எதையும் தனக்கென்று ஒளித்து வைத்துப் பழகியவர்கள் அல்லர். ஒருவன் கொண்டுவந்த ரொட்டி ஏழு பேர் வாயில் கரையும். தேர்வில் விடையும் அப்படியே கரைந்தது. முதல் ஆண்டில் லோசலினே இதைத் திருட்டு என்று எண்ணிக் கோபப்பட்டாள். இரண்டாம் ஆண்டில் கோபத்தை விட்டுவிட்டு வேறு வழி கண்டாள். இருபத்து மூன்று பிள்ளைகள் என்றால் இருபத்து மூன்று வினாத்தாள். கேள்வி ஒன்றே, எண்கள் வேறு. அத்தனையையும் கையால் எழுதினாள். "வழியைப் பங்கு போட்டுக்கங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல. விடையை மட்டும் அவங்கவங்கதான் சமைச்சுக்கணும்" என்பாள்.

அவள் நடைமுறைகளுள் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது தாள் திருப்பிக் கொடுக்கும் நாள். திருத்திய தாள்களைக் கொடுத்துவிட்டு மேசையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஒவ்வொருவரும் தத்தம் மதிப்பெண்களைத் தாமே கூட்டிப் பார்க்க வேண்டும். டீச்சர் தப்பு செய்திருந்தால் எழுந்து நின்று சொல்ல வேண்டும். தப்பு உண்மையானால் டீச்சர் அந்தப் பிள்ளையின் இடத்துக்கு நடந்துபோய், எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திருத்துவாள். அதன் பின்னரே பிள்ளை மதிப்பெண் பட்டியலில் கையெழுத்திடும். ஆண்டுப் பரீட்சையின் நூறில் நாற்பது பள்ளியிலேயே இடப்படும் அகமதிப்பீடு. அந்தப் பட்டியல் தலைநகரத் தேர்வு அலுவலகத்துக்குப் போய்விட்டால் திரும்பாது என்பதால்தான் இத்தனை கவனம்.

"டீச்சர், தப்பு!" என்று ஒவ்வொரு முறையும் முதலில் எழுபவன் வாக்கே. ரக்பி ஆடி மூக்கு வளைந்தவன்.

"எங்கடா தப்பு?"

"மூணாவது கணக்குல மூணு மார்க் குடுத்திருக்கீங்க. எனக்கு அந்தக் கணக்கு தெரியவே தெரியாது டீச்சர். பக்கத்துல பாத்து எழுதினேன்."

"பக்கத்துல இருக்கறவனுக்கு எண்ணே வேறயாச்சே. அப்புறம் எப்படிச் சரியா வந்துச்சு?"

"அதான் டீச்சர் எனக்கும் புரியல."

வகுப்பு சிரித்து ஓய்வதற்குள் பக்கத்து அறையில் பாட்டுப் பயிற்சி தொடங்கிவிடும். திருச்சபை மாநாடு நெருங்கும் மாதங்களில் பாட்டு வாத்தியார் கணக்குப் பாடவேளையில்தான் தாழ்குரல் பையன்களைக் கடன் கேட்பார். லோசலினே மறுக்கமாட்டாள், போனவர்களுக்கு மறுநாள் காலை ஆறரை மணிக்கு வகுப்பு வைப்பாள்.

அவள் தம்பி சியோசிஃபாவின் மகள் லதாய் அந்த ஆண்டு ஆறாம் படிவத்துக்கு வந்தாள்.

அந்தப் பெயரை வைத்தவளே லோசலினேதான். அப்பாவின் சகோதரிக்கே அந்த உரிமை. தம்பி வீட்டில் எது நடந்தாலும், கல்யாணமோ சாவோ, முதல் பாயும் முதல் பங்கும் அத்தைக்கு. அத்தை சாப்பிட்ட தட்டைப் பிள்ளைகள் தொடமாட்டார்கள். அத்தை உட்கார்ந்திருக்கும்போது நிமிர்ந்து நடக்கமாட்டார்கள். அத்தை மனம் கோணினால் பிள்ளைக்கு எதுவும் கூடிவராது என்று பெரியவர்கள் நம்பினார்கள். பிள்ளைகளும் நம்பாமல் இல்லை. அத்தையோடு வாதாடிய பிள்ளை என்று எவரையும் லோசலினே தன் வாழ்நாளில் கண்டதில்லை. அவளே தன் அத்தையிடம் வாய் திறந்ததில்லை.

முதல் நாளே லதாயைத் தனியாக அழைத்து, "இந்த வாசலுக்கு உள்ள நான் அத்தை இல்ல, டீச்சர். மத்தப் பிள்ளைங்க மாதிரி நீயும் கேள்வி கேக்கணும், சண்டை போடணும்" என்று சொன்னாள். லதாய் தரையைப் பார்த்தபடி தலையாட்டினாள். அன்று முதல் வகுப்பில் அவள் டீச்சர் என்றே அழைத்தாள். காரியம் அதோடு முடிந்தது என்று லோசலினே நினைத்துக்கொண்டாள். பலகையில் வேண்டுமென்றே ஒரு தப்பு எழுதிவிட்டு, யார் கண்டுபிடிக்கிறார்கள் என்று காத்திருக்கும் பழக்கம் அவளுக்கு உண்டு. லதாய் ஒரு நாளும் கை தூக்கியதில்லை. கூச்சம் என்று அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போனாள்.

பெண் கெட்டிக்காரி. ஃபிஜிக்குப் போய் நில அளவை படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. தீவில் எவருடைய தோட்டம் எங்கே முடிகிறது என்ற சச்சரவு ஓய்ந்ததே இல்லை. அளக்க வருகிறவர்களெல்லாம் தலைநகரத்து ஆண்கள். "நான் அளந்தா யாரும் தகராறு பண்ண முடியாதுப்பா" என்று வீட்டில் சொன்னாளாம். உதவித்தொகைக்குக் கணக்கில் எழுபது வேண்டும்.

அகமதிப்பீட்டுக்கு அவரவர் தாமே தரவு திரட்டி ஓர் ஆய்வு எழுத வேண்டும். மற்றவர்கள் பந்தை எண்ணினார்கள், பன்றியை எண்ணினார்கள். லதாய் அப்பாவின் வனிலாத் தோட்டத்துக்குப் போனாள். வனிலாப் பூ காலையில் விரிந்து நண்பகலில் வாடும். அதற்குள் ஒவ்வொரு பூவாகக் குச்சியால் தொட்டு மகரந்தம் சேர்த்தால்தான் காய் பிடிக்கும். எட்டு மணிக்கு முன் தொட்டவை அறுபது, எட்டுக்கும் பத்துக்கும் இடையில் அறுபது, பத்துக்குப் பின் அறுபது என்று நூற்றெண்பது பூக்களுக்கு நூல் கட்டி அடையாளம் வைத்தாள். முதல் அறுபதில் ஐம்பத்து நான்கு பிடித்தன, இரண்டாவதில் நாற்பத்தொன்பது, மூன்றாவதில் முப்பத்தொன்று. படம் ஒரு தாளில் அடங்கவில்லை. இரண்டு கட்டத் தாள்களை ஒட்டி, உள்ளே மடித்து வைத்து, இடம் மிச்சம் பிடிக்க அதன் பின்புறத்தில் கணக்கீடுகளை எழுதியிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை லோசலினே இருபத்து மூன்று ஆய்வுகளையும் திருத்தினாள். நான்கு பகுதி, பகுதிக்குப் பத்து. மதிப்பெண்ணை அந்தந்தப் பக்கத்தின் கீழ் மூலையில் வட்டமிட்டு எழுதுவது வழக்கம். லதாயின் மடித்த தாளை விரித்தபோது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சி. பின்புறத்தில் ஒன்பது போட்டாள். வந்த மடிப்பிலேயே மடித்துவிட்டாள். கடைசியில் மூலைகளை மட்டும் புரட்டிக் கூட்டினாள்: ஒன்பது, எட்டு, ஒன்பது. இருபத்தாறு.

குறைவாக இருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அந்த வாரம்தான் ஆசிரியர் அறையில் தலைமையாசிரியர் மாக்கா தேநீரைக் கலக்கியபடி, "உங்க மருமகளுக்கு நாப்பதுக்கு நாப்பத்தஞ்சு போட்டுடுங்க டீச்சர், யார் கேக்கப்போறா!" என்று கேலி செய்திருந்தார். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், ஆனால் அது உள்ளே தைத்தது. இப்போது அந்த இருபத்தாறு அவளுக்கு ஒரு விதத்தில் நிம்மதி தந்தது. தன் நேர்மைக்குச் சான்று எழுதி வைத்ததுபோல் இருந்தது. பேனாவை மூடினாள்.

திருப்பிக் கொடுத்த நாளில் வாக்கே வழக்கம்போல் ஆரம்பித்தான். வேறு இரண்டு பேர் உண்மையான தப்புகளைக் கண்டுபிடித்தார்கள்; லோசலினே இரண்டு முறை எழுந்து நடந்தாள். லதாய் பக்கங்களைப் புரட்டினாள். மடித்த தாளை விரித்தாள். மீண்டும் மடித்தாள்.

"லதாய், சரியா இருக்கா?"

"சரியா இருக்கு டீச்சர்."

"கூட்டிப் பாத்தியா?"

"பாத்தேன் டீச்சர்."

"அத்தை கையாலயே இருபத்தாறுதானா?" என்றான் எட்டிப் பார்த்த வாக்கே. "அப்ப எனக்குப் போட்ட பதினெட்டு பெரிய தர்மம்டா சாமி!"

லதாயும் சேர்ந்து சிரித்தாள். நீல மையில் கையெழுத்திட்டாள்.

சனவரியில் முடிவு வந்தது. எழுத்துத் தேர்வில் அறுபதுக்கு நாற்பத்தொன்று. அத்துடன் இருபத்தாறு. அறுபத்தேழு.

லோசலினே அன்று தம்பி வீட்டுக்குப் போனாள். லதாயின் கன்னத்தோடு கன்னம் வைத்து, "மூணு மார்க்ல போச்சே கண்ணு" என்று வருந்தினாள். ஆசிரியை ஆயிற்றே, அதோடு நிற்கவில்லை. "கடைசிக் கணக்குல அவசரப்பட்டிருப்ப. எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்."

"ஆமா அத்தை. அவசரப்பட்டுட்டேன்."

பிப்ரவரியில் புதிய ஆறாம் படிவம் சேர்ந்தது. ஆய்வு எழுதுவது எப்படி என்று காட்டுவதற்காக லோசலினே போன ஆண்டுக் கோப்பிலிருந்து லதாயின் தாள்களை எடுத்துவந்தாள். அதைவிட நல்ல வரைபடம் அவளிடம் வேறு இல்லை. பலகை முன் நின்று மடிப்பை விரித்து உயர்த்திப் பிடித்து, இரு பக்கமும் திருப்பிக் காட்டினாள். முதல் வரிசையில் இருந்த ஒரு பெண், "டீச்சர், பின்னாடி ஒன்பது போட்டிருக்கு, அது என்ன?" என்று கேட்டாள்.

லோசலினே திருப்பிப் பார்த்தாள். முதல் பக்கத்துக்குப் போனாள். மூலை மூலையாகக் கூட்டினாள். மறுபடியும் கூட்டினாள். முப்பத்தைந்து. நாற்பத்தொன்றோடு எழுபத்தாறு.

அந்த வகுப்பை அவள் முடித்தாள். சராசரி எடுப்பது எப்படி என்று சொல்லித்தந்தாள், வீட்டுப்பாடம் கொடுத்தாள். பலகையை மேலிருந்து கீழாக, எப்போதும் போல ஒழுங்காகத் துடைத்தாள். பிறகு தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். தாள்களை மேசையில் வைத்து விரலால் காட்டினாள்.

மாக்கா நல்ல மனிதர். உடனே தேர்வு அலுவலகத்துக்குத் தொலைபேசினார். நெடுநேரம் "ஆமாங்க, ஆமாங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நவம்பரோட பட்டியலை மூடிட்டாங்களாம் டீச்சர். அவங்களைக் குத்தம் சொல்லவும் முடியாது. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க, நான் போட்டிருக்கேன், பொண்ணே போட்டிருக்கு. உதவித்தொகைக்காரங்களும் ஆளை எடுத்து முடிச்சுட்டாங்க."

"அவ கூட்டிப் பாத்தேன்னு சொன்னா."

மாக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அவரும் யாரோ ஒரு அத்தையின் மருமகன்தான். "ஒரு வழி இருக்கு. மறுபடியும் ஆறாம் படிவம் சேந்து எழுதட்டும். மாசக் கடைசிக்குள்ள பேர் குடுக்கணும். பொண்ணைக் கேட்டுட்டு வாங்க" என்று ஒரு விண்ணப்பத் தாளை எடுத்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை லோசலினே தோட்டத்துக்குப் போனாள். போன ஆகஸ்டில் நூல் கட்டி எண்ணிய பூக்கள் இப்போது பச்சைக் காய்களாகக் கொத்துக்கொத்தாகத் தொங்கின. சியோசிஃபா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அக்காவிடமிருந்து பத்தடி தள்ளி, பக்கவாட்டில் திரும்பி நின்றான். வளர்ந்த பிறகு அக்காவும் தம்பியும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

"சியோசிஃபா, லதாய் மார்க்கை நான் தப்பாக் கூட்டிட்டேன். ஒன்பது மார்க்கு விட்டுப்போச்சு."

அவன் திடுக்கிடவில்லை. கத்தியின் பிடியைக் காலால் நகர்த்தினான்.

"உனக்குத் தெரியுமா?"

"தாள் குடுத்த அன்னைக்கே வந்து சொன்னா, அக்கா. மார்க்கை எல்லாம் எழுதிக் கூட்டிக் காட்டினா. அழுதா."

"அப்ப ஏன் என்கிட்ட..."

"நான்தான் அதட்டினேன். அக்கா பெரியவங்க, காரணம் இல்லாம குறைக்கமாட்டாங்க, மத்தவங்க வாயை அடைக்கறதுக்காகக்கூட இருக்கும்னேன். அத்தை குடுத்ததை வாங்கிக்கன்னேன்." அவன் குரல் தாழ்ந்தது. "அவ உங்களைப் பத்தி ரெண்டு வார்த்தை கோவமாப் பேசிட்டா. எனக்குப் பயமாப் போச்சு. அதுக்குத்தான் கிறிஸ்துமஸுக்கு அந்தப் பெரிய பன்னியச் சுட்டு எடுத்துட்டு வந்தேன். பொண்ணு பேசினதுக்கு."

லோசலினேவுக்கு அந்தப் பன்றி நினைவிருந்தது. இவ்வளவு பெரியதா என்று வியந்ததும், பள்ளி ஆசிரியர்கள் எல்லாருக்கும் பங்கு அனுப்பியதும் நினைவிருந்தது. அந்தப் பெண்ணுக்கு இழைத்த அநியாயத்துக்கு, அந்தப் பெண்ணின் வீடே தன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறது. தானும் ருசித்துச் சாப்பிட்டிருக்கிறாள்.

"தப்பு என்னோடது தம்பி."

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. கேக்கவே நல்லா இல்ல" என்று அவன் இன்னும் தள்ளிப் போனான். லதாயைக் கூப்பிட்டு அனுப்பினான்.

லதாய் கைகளைப் பாவாடையில் துடைத்தபடி வந்து, அத்தை உட்கார்ந்திருந்த மரக்கட்டைக்குக் கீழே, தரையில் அமர்ந்தாள். லோசலினே கட்டையிலிருந்து இறங்கித் தானும் தரையில் உட்கார்ந்தாள். உடனே லதாய் சரிவில் இன்னும் ஓரடி கீழே நழுவி உட்கார்ந்தாள். லோசலினே அதற்கு மேல் இறங்க முயலவில்லை.

"என்னை மன்னிச்சுக்கோ லதாய்."

"வேணாம் அத்தை. நான்தான் அப்பாகிட்ட வாய் நீட்டிப் பேசிட்டேன். நீங்கதான் என்னை மன்னிக்கணும்."

விண்ணப்பத் தாள் பையில் இருந்தது. லோசலினே அதை எடுக்காமலே கேட்டாள்.

"இன்னொரு வருஷம் படிக்கிறியா? இந்தத் தடவை உன் தாளை வேற ஸ்கூல் டீச்சரை விட்டுத் திருத்தச் சொல்றேன்."

"சரி அத்தை."

"உனக்கு இஷ்டமான்னு கேக்கறேன்."

"நீங்க சொன்னா இஷ்டந்தான்."

"நான் சொல்லலைன்னு வச்சுக்கோ. வேற யாரோ வந்து கேக்கறாங்க."

லதாய் யோசித்தாள். உண்மையாகவே முயன்றாள். பிறகு, "யாரு அத்தை?" என்று கேட்டாள்.

லோசலினே வேறு பக்கமாக வந்து பார்த்தாள். "ஆக்லாந்துல பெரியம்மா வீட்டுக்கு உன்னை அனுப்பறதா அப்பா சொல்லிட்டிருந்தாரே. அங்க போகப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு அத்தை."

"அப்ப படிக்க வேணாமா?"

"வேணாம் அத்தை."

"படிக்கணும்னு நான் சொன்னா?"

"படிக்கிறேன் அத்தை."

மூன்று பதில்களும் ஒரே குரலில் வந்தன. இருபத்தேழு ஆண்டுகளாக விடையைவிட வழியையே கேட்டு வந்தவளுக்கு, இந்தப் பெண்ணின் விடைகளுக்குப் பின்னால் இருக்கும் வழி ஒரு வரிகூடத் தென்படவில்லை. பேனாவை நீட்டினால் லதாய் கையெழுத்திடுவாள் என்று தெரியும். எந்தத் தாளிலும் இடுவாள். அதனால்தான் அவள் நீட்டவில்லை.

எழுந்தாள். விண்ணப்பத்தைச் சியோசிஃபாவிடம் கொடுத்தாள். "இருபத்தெட்டாம் தேதி கடைசி நாள். அதுவரைக்கும் நான் இந்தப் பக்கம் வரமாட்டேன். என்ன முடிவு பண்ணினாலும் என்கிட்ட வந்து சொல்ல வேணாம். நேரா ஸ்கூல்ல குடுத்துட்டாப் போதும். அவ மனசுக்கு எது தோணுதோ அதுதான். கோவமில்ல, புரியுதா? கோவமே இல்ல."

"புரியுதுக்கா" என்றான் சியோசிஃபா. அவன் தாளை இரு கைகளாலும் வாங்கிய பதற்றத்தைப் பார்த்தபோது, என்ன புரிந்தது என்று அவளுக்கு ஐயமாகத்தான் இருந்தது. வரமாட்டேன் என்று அத்தை சொல்லிவிட்டுப் போனாள். பேனா இருந்தும் நீட்டவில்லை. கேட்டுவிட்டுக் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். வீட்டில் இதை எப்படிக் கூட்டுவார்கள் என்பது பாதி வழி நடந்த பிறகே அவளுக்கு உறைத்தது. திரும்பிப் போய் விளக்கலாம். விளக்கம் இன்னொரு கட்டளையாகும். நின்றாள்; பிறகு நடந்தாள்.

மார்ச் முதல் தேதி மாக்கா புதிய வருகைப் பதிவேட்டைக் கொடுத்தார். லோசலினே விரலை வைத்து மேலிருந்து கீழே ஒரு முறையும் கீழிருந்து மேலே ஒரு முறையும் போனாள். லதாயின் பெயர் இல்லை.

"அவளே வேணாம்னுட்டாளா டீச்சர்?" என்று மாக்கா கேட்டார்.

"தெரியல."

"கேட்டாத் தெரிஞ்சுடப்போகுது."

"கேட்டா, எனக்கு எது பிடிக்குமோ அதைத்தான் சொல்லுவா" என்று சொல்லிவிட்டு லோசலினே வகுப்புக்குப் போனாள்.

அந்த மாதம் மூன்றாம் வாரத்தில் லதாய் விடைபெற வந்தாள். புதுப்பாய் ஒன்றை அத்தையின் காலடியில் வைத்து, தலை குனிந்து, வாசலுக்கருகே அமர்ந்தாள். ஆக்லாந்தில் பெரியம்மா ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறாளாம். அங்கே குளிருமாம். லோசலினே தன் கம்பளிச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். இருவரும் குளிரைப் பற்றியும் தலைநகரத்துக்குக் கப்பல் எத்தனை மணிக்கு என்பது பற்றியும் பேசினார்கள்.

"போய்ட்டு வரேன் அத்தை."

"போய்ட்டு வா."

பெண் குனிந்தபடியே பின்னோக்கி நகர்ந்து, படியிறங்கிய பிறகுதான் நிமிர்ந்தாள். அவள் தெரு முனை திரும்பும் வரை லோசலினே சன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.